செம்பருத்தி நுனி முடங்கியது: புதுப்பிப்பு

கொழிஞ்சாம்பாறை வீட்டுச் செம்பருத்தியில் நுனி இலைகள் தடித்துச் சுருண்டு, ஒரே கொத்தாக முடங்கிவிட்டதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வைரஸ்தான், பிடுங்கிவிடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். பிடுங்கவில்லை. இப்போது நல்ல தளிர் வருகிறது.

காரணம் மாவுப்பூச்சி. சாறு உறிஞ்சும்போது அதன் எச்சிலில் உள்ள நச்சுதான் தளிரை அப்படி முறுக்குகிறது. கொத்தைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளை மாவுக்குள் இளஞ்சிவப்புப் பூச்சிகள். முடங்கிய நுனிகளை வெட்டி எரித்தேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தேன். எறும்பையும் விரட்ட வேண்டும். தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே அதுதான்.

ஒன்று கவனியுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மாவோடுதான் இருக்கும், ஆனால் பெரிது, வேகமாக ஊரும். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு அது. தயவுசெய்து நசுக்காதீர்கள்.

நித்யகல்யாணி பிழைக்கவில்லை. பூவெல்லாம் பச்சை இலையாக மாறினால் அது பைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிரால் வரும் நோய், தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது. மனசே இல்லாமல்தான் பிடுங்கினேன்.

அப்புறம், மல்லிகை இலையில் வெல்வெட் மாதிரி வெள்ளை ரோமம் என்று கேட்ட அக்காவுக்கு: அது பூஞ்சை இல்லை, சிலந்திப்பேன் என்ற மிக நுண்ணிய உயிரி தாக்கியதால் வருவது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான், இல்லையென்றால் இலை கருகும்.