மிச்ச உல்லன் நூலில் லேஸ் பை பின்னினேன், முழங்கால் வரை தொங்குகிறது

களியக்காவிளைக்காரி:
அக்காமார்களே, ஒரு வழி சொல்லுங்கள். தங்கச்சி பிள்ளைக்கு ஸ்வெட்டர், தொப்பி என்று பின்னியதில் மிஞ்சிய உல்லன் நூல் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தது, எல்லாம் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல்தான், நிறுத்துப் பார்த்தால் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். எறிய மனசு வராமல் ஒரு லேஸ் ஹேண்ட்பேக் பின்ன உட்கார்ந்தேன். வட்ட ஊசியில் 100 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி, ஒரு சுற்று இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி ஒவ்வொன்றுக்கும் நடுவில் நூலை ஊசி மேல் சுற்றி ஓட்டை விட்டேன், அடுத்த சுற்று சும்மா நேராக, இப்படியே வாய் வரைக்கும். இப்போது பை பிழிந்து வைத்த துணி மாதிரி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சரி போகட்டும் என்று மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோய் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கும் ஒரு சீப்பு ஏத்தன் பழமும் போட்டேன். பஸ் ஏறுவதற்குள் கைப்பிடி நீண்டு பை முழங்காலில் இடிக்கிறது, கிழங்கின் நுனி ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறது, கண்டக்டருக்கு ஒரே சிரிப்பு. பிரித்துவிடவா?

குழித்துறை அக்கா:
முறுக்குவதற்குக் காரணம் நூலும் இல்லை, உன் கையும் இல்லை. இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னினால் அது வலப்பக்கம் சாயும். நீ அடி முதல் வாய் வரை அந்த ஒரே சாய்வைப் போட்டிருக்கிறாய், அப்புறம் பை எங்கே நேராக நிற்கும்? ஒரு ஓட்டைச் சுற்றில் அப்படிப் பின்னினால், அடுத்த ஓட்டைச் சுற்றில் நூலை முதலில் சுற்றிவிட்டு, இரண்டு கண்ணியை ஒவ்வொன்றாக நிட் போடுகிற மாதிரி நழுவவிட்டு, இடது ஊசியில் திரும்ப வைத்துப் பின்பக்கமாகச் சேர்த்துப் பின்னு. அது இடப்பக்கம் சாயும், ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். முழுவதும் பிரிக்க வேண்டாம். அடியிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, ஒரு நேர்ச் சுற்றின் எல்லாக் கண்ணிக்குள்ளும் மெல்லிய தையல் நூலை ஓட்டிவிட்டு மேலிருந்து பிரி, அந்த நூலில் வந்து நிற்கும். லேஸில் இது இல்லாமல் பிரித்தால் ஓட்டைக் கண்ணி எது, நல்ல கண்ணி எது என்று தேடியே பொழுது போய்விடும், நான் அழுதிருக்கிறேன்.

செங்கோட்டை வாசி:
பைக்கு எதற்கு நிட்டிங், கொக்கி ஊசியில் குரோஷா போடுங்கள், இவ்வளவு இழுபடாது. நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு லேஸ் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பத்மநாபபுரம்:
செங்கோட்டைக்காரரே, 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்த லேஸ் தலையணையில் குண்டூசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதற்கும் இந்தப் பைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கைப்பிடிக்குக் குரோஷா என்றால் நானும் ஒத்துக்கொள்வேன்.

தங்கச்சி, லேஸ் பாரம் தாங்காது, பாதி ஓட்டைதானே. உள்ளே லைனிங் பை ஒன்று தைத்து அதைச் சுமக்கவிடு. வீட்டில் பழைய நேரியல், அதுதான் தோளில் போடும் மேல்முண்டு, இருந்தால் வெட்டு, கசவு ஜரிகைக் கரை வாய்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்தால் ஓட்டை வழியாகப் பளிச்சென்று தெரியும். லைனிங்கை லேஸ் பையைவிட ஒரு அங்குலம் உயரம் குறைத்துத் தை, அப்போதுதான் சாமான் துணியில் உட்காரும், லேஸ் சும்மா தொங்கும். கைப்பிடியின் நுனிகளையும் லைனிங்கோடு சேர்த்துத் தைக்க வேண்டும், வெறும் பின்னலில் தைத்தால் திரும்பவும் முழங்கால்தான். கைப்பிடிக்கு உள்ளே பருத்தி நாடா ஒன்றை ஓட்டிவிடு, பின்னல் எவ்வளவு இழுத்தாலும் நாடா நீளாது.

பருத்தி நூல் மிச்சம் இருந்தாலும் இதில் கலக்காதே. அது கனம், நனைந்தால் இன்னும் கனம், இடவப்பாதி மழையில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. அக்ரிலிக்கை விரித்துக் குண்டூசி குத்தி ஆவி மட்டும் காட்டு. இஸ்திரிப் பெட்டி மேலே பட்டதோ, துவண்டு பளபளவென்று ஆகிவிடும், அப்புறம் திரும்பாது.

களியக்காவிளைக்காரி:
நேற்று ராத்திரி இரண்டு அங்குலம் விட்டுப் பிரித்துவிட்டேன். அம்மாவிடம் நேரியல் கேட்டேன், கல்யாணத்துக்கு உடுத்தது என்று தர மாட்டேன் என்கிறார். ஒரு தலையணை உறை கிடைத்திருக்கிறது, பூப்போட்டது, பரவாயில்லையா?

குழித்துறை அக்கா:
தாராளமாக. ஆனால் அதில் மரச்சீனி வாங்கப் போகாதே.