பொருள்: மறு: படகின் சுவிட்ச் பலகைக்கு ஒரு சொல் – ‘மின்மடை’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘கட்டுப்பாட்டுப் பலகை’ என்ற சொல் இருக்கும்போது படகின் சுவிட்ச் பலகைக்கு வேறு தமிழ்ச் சொல் தேடி ஏன் இத்தனை மடல்கள் என்று நேற்று ஒருவர் சலித்துக்கொண்டார். மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்குக்கு ஒருமுறை வந்து பார்த்தால் சலிப்பு போய்விடும். இங்கே செம்பனைத் தோட்டத்து வேலை ஓய்ந்தால் பெர்ணம் ஆற்றில் இறாலுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் ஏராளம். என் தங்கை மகன் அவர்களுடைய 12 அடி, 14 அடி அலுமினியப் படகுகளுக்கு அளவெடுத்து சுவிட்ச் பலகை செய்துகொடுக்கிறான். பலகையின் நெற்றியில் தமிழில் பெயர் பொறித்துத் தரும்படி ஒருவர் கேட்டுவிட்டார். அங்கே ஆறு எழுத்துகளுக்குத்தான் இடம். ‘கட்டுப்பாட்டுப் பலகை’ பதினொன்று. அதோடு, 2020 மார்ச் 18 தொடங்கி கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் அடைந்து கிடந்த எங்களுக்குக் ‘கட்டுப்பாடு’ என்றாலே போலீஸ் தடுப்புதான் கண்ணில் நிற்கிறது. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு அந்த நினைப்பு எதற்கு?

பொருளைப் பார்த்தவர்கள் குழுவில் குறைவு என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்று பலகைக்கு வருகிறது. அங்கே அது விளக்கு, பம்பு, மீன் காட்டும் கருவி, கைப்பேசி மின்னேற்றி என்று கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உருகி (ஃபியூஸ்), ஒரு சுவிட்ச். சுவிட்ச் உட்காரும் துளை ஏறத்தாழ 37க்கு 21 மில்லிமீட்டர். அரம் கொஞ்சம் அதிகமாக ஓடினாலும் சுவிட்ச் ஆடும், தண்ணீர் உள்ளே போகும். உருகியைக் கருவிக்காகப் போடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது காப்பது கம்பியை. கம்பி தாங்கும் அளவைப் பார்த்துத்தான் உருகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அலுமினியத்துக்கு ஒரு தனிச் சாபமும் உண்டு. வண்டியின் உடம்பையே மின்சாரம் திரும்பும் வழியாக்கும் மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் பையன் முதல் படகின் எதிர்முனைக் கம்பிகளைப் படகின் உடம்பிலேயே பிணைத்துவிட்டான். உப்பு கலந்த ஆற்றுநீர், நடுவே மின்கசிவு: ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடித்தகட்டில் ஊசிக்குத்துப் போலத் துளைகள். இப்போது ஒவ்வொரு கிளைக்கும் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. வெட்டிய செம்புத் துணுக்கு ஒன்று அடியில் விழுந்து ஈரத்தில் கிடந்தால்கூட அந்த இடத்தை அரிக்கும் என்று பொறுக்கியெடுத்த பிறகுதான் எழுந்திருக்கிறான்.

இனி சொல்லுக்கு வருவோம். இயல்பாக நாக்கில் வருவது ‘விசைப்பலகை’. அதைத் தட்டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் 99 என்ற கணினி விசைப்பலகை அமைப்புக்குப் பிறகு திருப்பிக் கேட்க வழியில்லை. விசை என்ற சொல்லும் பாவம், இயற்பியலில் ஒரு சுமை, விசைப்படகில் ஒன்று, விசைத்தறியில் ஒன்று. இன்னொன்றை ஏற்ற வேண்டாம். யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘ஆளிப்பலகை’ இலங்கைப் பாடநூல் வழி வந்த நல்ல சொல்; அங்கே ஆளி என்றால் சுவிட்ச். ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஆளி என்றால் மூட்டுவலிக்குத் தின்னும் விதை.

நானே முன்மொழிந்த ‘அமரப்பலகை’யைத் திரும்பப் பெறுகிறேன். படகின் பின்பகுதிக்கு அமரம் என்று பெயர், பலகையும் அங்கேதான் பொருத்தப்படுகிறது என்று பெருமையாக எழுதினேன். பட்டறையில் படித்துக் காட்டியபோது ஒருவர் உட்காரும் பலகை என்று நினைத்தார். இன்னொருவர், “அமரர் என்று நாளிதழில் போடுவார்களே, அதுவா?” என்றார். படகில் ஏறுமுன் கேட்கக்கூடிய கேள்வியா அது!

ஆகவே என் புது முன்மொழிவு: மின்மடை. ஒரு வாய்க்காலில் வரும் நீரைப் பல வயலுக்குப் பிரித்துவிடுவதும் தடுப்பதும் மடை. மின்னோட்டம் என்று ஏற்கெனவே ஓடவிட்டுவிட்டோம், மடை வைப்பதில் என்ன தயக்கம்? கடலோரத் தோட்டங்களின் வடிகால் முகத்தில், கடல் ஏறும்போது தண்ணீரே தள்ளி மூடிவிடும் கதவுகள் உண்டு. அளவு மீறினால் ஆள் வராமலே அடைத்துக்கொள்ளும் உருகியும் அந்தச் சாதிதான். நான்கே எழுத்து. செய்கிறவனை ‘மின்மடையன்’ என்பார்களே என்று பையன் முறைத்தான். அது அவன் பாடு.

— ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

முனீஸ்வரனுக்குப் படைக்கும் மடையும் நினைவுக்கு வரும், ஆனால் அதை விட்டுவிடலாம். என் தடை வேறு. மடையைத் திறந்தால் நீர் ஓடும். மின்சுற்றைத் திறந்தால் ஓட்டம் நிற்கும், மூடினால்தான் ஓடும். இருபது ஆண்டுகளாக இதை மாணவர் மண்டையில் ஏற்றுகிறேன். உங்கள் சொல் ஒரே நாளில் கவிழ்த்துவிடும்.

— ஈப்போவிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர்

*

ஆசிரியருக்கு,

இந்த அடியை நான் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து யோசித்தேன். சுற்றைத் திற, மூடு என்பது வகுப்பறையில்தான். வீட்டில் யாரும் விளக்கை மூடு என்பதில்லை. போடு, அணை என்கிறோம். பலகையிலும் அந்த இரண்டு வினைகளே இருக்கட்டும். மடை பெயரில் மட்டும் நிற்கட்டும், வினையில் வேண்டாம். பாடநூலுக்கு இதை நான் கேட்கவில்லை, படகுக்குத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சிக்கல். அடித்தண்ணீரை வெளியேற்றும் பம்பின் பொத்தானுக்கு ‘இறைவை’ என்று எழுதச் சொன்னேன். அந்தக் கிளை மட்டும் சுவிட்சைச் சாராமல், மிதவை உயர்ந்தால் தானாகவே ஓடும். படகு ஆளில்லாமல் கட்டிக்கிடக்கும்போதும் மூழ்கக்கூடாது அல்லவா? அங்கே ‘அணை’ என்று பொறித்தால் பொய்யாகிவிடும். ‘தானே’ என்று போடலாமா? சனிக்கிழமை பொறிக்கிறான், அதற்குள் சொல்லுங்கள்.