திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை எப்படி ஒப்பிடுவது?

வினா

வணக்கம். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய ஐந்து மொழிகளிலும் உடலுறுப்பு, இயற்கை, வீடு, எண் தொடர்பான அன்றாடச் சொற்களைத் திரட்டி அட்டவணை தயாரித்து வருகிறேன். 'கண்' வரிசையில் ஐந்தும் ஒத்துப்போகின்றன. 'நாய்' வரிசையிலோ கன்னடமும் துளுவும் 'நாயி' என்றிருக்க, தெலுங்கு 'குக்க' என விலகிவிடுகிறது. ஒத்துவரும் வரிசைகளை எண்ணியே எந்த மொழி தமிழுக்கு நெருக்கமானது என்று சொல்லிவிடலாமா? 'சூரியன்' போல எல்லாவற்றிலும் காணப்படும் சொற்களையும் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 1

'சூரியன்' வகையை நீக்கிவிடுங்கள். அவை சமஸ்கிருதத்திலிருந்து பெற்ற கடன் என்பதால் இம்மொழிகளின் உறவுக்குச் சான்றாகா.

அடுத்து, தோற்ற ஒற்றுமையைப் பார்த்து எண்ணுவதைக் கைவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பால், பல், புல் ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுல்லு என வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் இவற்றின் முதலொலி பகரமாகவே இருந்தது. ஏழு, கோழி என்பவை தெலுங்கில் ஏடு, கோடி என்றும் கன்னடத்தில் ஏளு, கோளி என்றும் வருகின்றன. ஓரிரு சொற்கள் தற்செயலாக ஒத்திருக்கலாம். ஆனால் ஒரே ஒலிமாற்றம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்ப வருமானால் அது தற்செயலாக இருக்க முடியாது.

இதற்கு மிக அழகான சான்று பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி என்னும் திராவிட மொழி. அங்கே நீர் 'தீர்' எனவும் இரத்தம் 'தித்தர்' எனவும் வழங்கும் (இரண்டிலும் முதலொலி 'தேவி' என்பதில் உள்ளது போல மெலிந்து ஒலிக்கும்). பின்னதற்குத் தமிழில் இணையே இல்லை என்று தோன்றும். ஆனால் சங்க நூல்களின் 'நெய்த்தோர்', கன்னட 'நெத்தரு', தெலுங்கு 'நெத்துரு' ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால், நகரம் அங்கே மாறும் ஒழுங்கு இரு சொற்களிலும் ஒன்றாகவே இருப்பது புலப்படும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். இரு மொழிகள் ஒரு குடும்பம் என நிறுவுவது வேறு, அக்குடும்பத்துக்குள் எவை நெருக்கம் எனக் காட்டுவது வேறு. பின்னதற்குப் பொதுவாக நிகழ்ந்த மாற்றங்களைத் தேட வேண்டும். கன்னடத்தில் 'கிவி', துளுவில் 'கெபி' என்றிருப்பது தமிழிலும் மலையாளத்திலும் ககரம் சகரமாகி 'செவி' என வரும். தெலுங்கிலும் 'செவி' என்றிருப்பதால் அதையும் இவ்விரண்டோடு சேர்க்கத் தோன்றும், அது சரியன்று. தமிழில் கிளி, கெடு என்பவற்றில் பின்வரும் ளகர டகரங்களால் ககரம் மாறாமல் நிற்க, தெலுங்கில் அவையும் 'சிலுக', 'செடு' என மாறிவிட்டன. மாற்றம் ஒன்றுபோல் தோன்றினாலும் அதன் நிபந்தனை வேறு என்பதால், இரண்டும் தனித்தனியே நிகழ்ந்தவை என்றே கொள்ள வேண்டும்.

வினவியவர்

மிக்க நன்றி. அப்படியானால் 'வீடு' வரிசையில் என்ன செய்வது? தெலுங்கில் 'இல்லு', கன்னடத்தில் 'மனெ'. தமிழில் இல், மனை இரண்டும் உள்ளனவே!

மறுமொழி 3

அன்றாடச் சொல்லை ஒரு நெடுவரிசையிலும், பழைய அல்லது வழக்கருகிய இணைச்சொல்லை மற்றொன்றிலும் எழுதுங்கள். முன்னது மொழிகள் எச்சொல்லைத் தக்கவைத்தன என்பதையும், பின்னது அவற்றின் பொது மூலத்தையும் காட்டும். கலந்தால் இரண்டும் கெடும். 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கணினி வழி ஒப்பிட்டு, குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வும், ஒரே மூலத்திலிருந்து வந்தவை எவை என முதலில் தீர்மானித்த பின்னரே கணக்கிட்டது. அத்தீர்மானத்துக்கு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பு உங்களுக்குப் பெரிதும் உதவும்.

எண்களை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். பிராகுயியில் முதல் மூன்றும், ஜார்க்கண்டில் பேசப்படும் குரூக்கில் முதல் நான்கும் மட்டுமே திராவிடச் சொற்கள். அவற்றுக்கு மேற்பட்டவை அண்டை மொழிகளிலிருந்து வந்தவை. அவ்விரு மொழிகளையும் அட்டவணையில் சேர்ப்பதானால் 'ஐந்து' முதலான வரிசைகளை விட்டுவிடலாம். கண், செவி, நீர் போன்றவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.