பாம்பு இரத்த ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல யாராவது உண்டா?

வணக்கம். புதுச்சேரியில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். ஊசுடு ஏரி, பாகூர்ப் பக்கத்துத் தவளைகள், தண்ணீர்ப் பாம்புகளின் இரத்த ஒட்டுண்ணிகளை வனத்துறை அனுமதியுடன் ஆராய்கிறேன்.

தவளைகளில் சிக்கலில்லை. 1843-இல் குருபி என்ற ஆய்வாளர் தவளை இரத்தத்தில் கண்டு பெயரிட்ட டிரிபனசோமா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி வகைதான், நெளியும்போதே தெரிந்துவிடுகிறது. பாம்புகள்தாம் திணறடிக்கின்றன. ஜீம்சா சாயமிட்டால், சிவப்பணுவுக்குள் வாழைப்பழம்போல் வளைந்த ஓர் உயிர், அணுவின் உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது! சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணிகளான ஹெப்பட்டோசூன், ஹீமோகிரிகரைனா இரண்டில் இது எது? உருவத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணு வரிசை வேண்டும்.

பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் முறை) வசதியுள்ள ஆய்வகத்தில் யாராவது இருக்கிறீர்களா? படங்கள் அனுப்புகிறேன். கடலூர்ப் பக்கம் பாம்பு மீட்பவர்களே, இத்தகைய ஒட்டுண்ணிகளை உண்ணிகளும் பரப்பலாம் என்பதால், பாம்பின் உடலில் உண்ணி இருந்தால் எத்தனாலில் போட்டு, இடம், தேதி எழுதி வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து இதற்காக எந்தப் பாம்பையும் பிடிக்க வேண்டாம்.