பீம் கரண்ட் அப்படியே இருக்கு, நியூட்ரான் கவுண்ட் மட்டும் விழுது
காரைக்குடி பக்கம் ஒரு காலேஜ் லேப், 120 கேவி டி-டி ஜெனரேட்டர் (டியூட்டீரியம் அயனி பீமை டியூட்டீரியம் மேலயே மோதவிட்டு நியூட்ரான் எடுக்கற கருவி), டியூட்டீரியத்தைப் பிடிச்சு வைக்கற டைட்டானியம் டார்கெட், 2.5 எம்இவி நியூட்ரான் வரணும். பீம் போட்டதும் கவுண்ட் நல்லா ஏறுது, அரைமணி நேரத்துல பாதியாயிடுது, ஆறவிட்டு மறுபடி ஓட்டுனா ஓரளவு திரும்புது, முழுசா இல்ல. போன மாசத்துல இருந்து இதே கதைதான். நியூட்ரானை எண்ணுற பாலித்தீன் சுத்துன ஹீலியம்-3 கவுண்டர், அதோட ஹெச்வி (உயர் மின்னழுத்த சப்ளை), கேபிள், பிரீஆம்ப் எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. நியூட்ரான் பட்டா கதிரியக்கமாகற இண்டியம் ஃபாயில் வச்சு, அதுல வர்ற 336 கேஇவி காமாவும் எண்ணுனேன், அதோட அரைஆயுள் நாலரை மணி நேரம்ங்கறதால மொத்தக் கணக்குதான் வருது, எப்ப விழுந்துச்சுன்னு காட்டாது. சில்லர் ஓடுது, ஆனா இந்த வெயில்ல அது தர்ற தண்ணியே வெதுவெதுன்னு இருக்கு.

டார்கெட் சூடாகி டியூட்டீரியம் வெளியேறுதா, இல்ல பீம்ல மூலக்கூறு அயனி (D2+, இதுல ஒரு அணுவுக்குப் பாதி ஆற்றல்தான், அதனால நியூட்ரான் குறையும்) கூடிப் போகுதான்னு டார்கெட்டைக் கழட்டாமலே எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?