மறு: தீவிரவாதமா, பயங்கரவாதமா? (வாதமே வேண்டாம் என்கிறேன்)

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

terrorism என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று இரண்டு நாளாக இந்த இழைதான் ஓடுகிறது. கோர்ட் மொழிபெயர்ப்பு வேலையை முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பேப்பர்லயே ரெண்டையும் மாத்தி மாத்தித்தான போடுதான். நாம ஏன் மண்டைய உடைக்கணும்?

அதனால்தான் அண்ணாச்சி உடைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் மாடிவீட்டுப் பிள்ளை ஒரு பழைய வரலாற்று கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று இரண்டாகப் பிரிந்தது என்று அதில் போட்டிருக்கிறது. திலகர் தீவிரவாதி, நம்ம வ.உ.சி.யும் தீவிரவாதி. "என்ன மாமா, பாளையங்கோட்டை மைதானத்துக்குத் தீவிரவாதி பேரையா வச்சிருக்கு?" என்று கேட்டாள். கைடில் தப்பில்லை. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் அவ்வளவுதான்: மனுப் போட்டுக் காத்திருக்க மாட்டேன் என்கிற ஆள். பின்னால் வந்தவர்கள் குண்டு வைக்கிறவனுக்கும் அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறோம், தீவிரமாகப் படி என்கிறோம். தீவிரம் குற்றமில்லை. ஆகவே தீவிரவாதத்தை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பயங்கரவாதம் அதைவிடத் தேவலாம். அச்சம் உள்ளே இருக்கிறது. என்ன, நம்ம பக்கம் "அல்வா பயங்கரமா இருந்துச்சு வே" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே தேய்ந்துபோய்விட்டது. எனக்கு உறுத்துவது பயங்கரம் இல்லை, பின்னால் தொங்கும் வாதம். வாதம் என்றால் ஒரு கொள்கை, இல்லை வக்கீல் பேசுவது, இரண்டும் இல்லையென்றால் கை கால் இழுத்துக்கொள்ளும் நோய். நாம் பேர் தேடும் விஷயம் இந்த மூன்றிலும் சேராது. இது ஒரு வழிமுறை. சிலரை அடித்து, பலரை நடுங்க வைத்து, மூன்றாவது ஒருத்தரிடம் காரியம் சாதிக்கப் பார்ப்பது. எந்தக் கொள்கைக்காரனும் இதைக் கையில் எடுக்கலாம். வாதம் என்று முடித்த உடனே "எவன் கொள்கை?" என்று தேடப் போய்விடுகிறோம், செயல் கண்ணை விட்டுப் போய்விடுகிறது.

> ஊரே பயந்தால் போதாதா? இங்கே பட்டப்பகலில் அரிவாளோடு வெட்டினால் கடையெல்லாம் சாத்திவிடுகிறார்களே.

போதாது என்பேன். பங்காளிப் பகையில் வெட்டினாலும் தெரு பயப்படும், அங்கே பயம் பின்விளைவு. நாம் பேர் வைக்கப் பார்க்கிற விஷயத்தில் பயம்தான் கருவி. ஆனால் சட்டம் இந்தக் கோட்டைக் கறாராகப் போடவில்லை. ஊபா (UAPA) என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மக்களிடம் பீதி உண்டாக்கும் நோக்கத்தோடு செய்தாலும் குற்றம், "அல்லது" உண்டாக்கக்கூடிய விதத்தில் செய்தாலும் குற்றம். அந்த ஒரு "அல்லது"வில் நோக்கம் நழுவிப் போய்விடுகிறது.

நோக்கத்தைப் பார்த்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஒரு உதாரணம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா (அப்போதைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மீதி 7 பேர் மேல் கொலைக் குற்றம் நிற்கும், ஆனால் தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் இதில் இல்லை என்றது. அரசை மிரட்டவோ மக்களைப் பீதியில் தள்ளவோ அவர்கள் எண்ணியதாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். சரி, அதே தராசில் மணியாச்சியை வையுங்கள். 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில் சுடப்படுகிறார். சுட்ட வாஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கடிதம், ஜார்ஜ் மன்னர் இந்த மண்ணில் கால் வைத்தால் கொல்ல 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம், அதைத் தெரிவிக்கவே இந்தச் செயல் என்கிறது. கொல்லப்பட்டவர் ஒருவர், சேதி வேறொருவருக்கு. நோக்கம் என்கிற அளவுகோலில் ஸ்ரீபெரும்புதூர் வெளியே போகிறது, வாஞ்சி மணியாச்சி உள்ளே வருகிறது! எனக்கும் இது சங்கடமாகத்தான் இருக்கிறது, ஸ்டேஷன் பலகையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஆனால் சங்கடம் வருகிறதே என்று வரையறையை வளைத்தால் அது வரையறையே இல்லை. செய்தது நியாயமா இல்லையா என்பது தனிக் கேள்வி, சொல்லுக்குள் அதைப் புதைக்க வேண்டாம். ஐ.நா.வில் இந்தியா 1996-ல் கொண்டுவந்த பயங்கரவாத எதிர்ப்புப் பொது உடன்படிக்கை வரைவு இன்னும் முட்டிக்கொண்டு நிற்பதும் இங்கேதான்: விடுதலைப் போராட்டம் சேருமா, அரசுப் படைகள் சேருமா?

அரசு சேருமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் முதலில் terrorism என்கிற இந்தச் சொல்லை உண்டாக்கியதே 1793-94-ல் கில்லட்டின் வைத்து ஆண்ட அரசைச் சொல்லத்தான் தம்பி. 1999 ஜூலை 23 அன்று இங்கே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதை இந்தச் சொல்லால் அழைக்கலாமா என்றால் பயமுறுத்தும் நோக்கம் இருந்ததா என்று காட்ட வேண்டும், எடுத்த எடுப்பில் நான் சொல்ல மாட்டேன். கேட்கவே கூடாது என்று சொல் வாயை அடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த யோசனையில்தான் குறளில் 57ஆம் அதிகாரத் தலைப்பு கண்ணில் பட்டது: வெருவந்த செய்யாமை. குடிகள் நடுங்கும்படி நடக்காதே என்று அரசனுக்குச் சொன்னது. வெரு என்றால் அச்சம். அதை எடுத்து "வெருவன்முறை" என்று வைக்கலாமா? வன்முறை என்று வருவதால் செயல் என்பது தெரிகிறது, யார் செய்தார் என்ற கட்டு இல்லை. "வெருட்டு வன்முறை" என்று ஒருவர் சொன்னது ஈழத்தில் எடுபடும் (அங்கே வெருட்டு என்றால் பயமுறுத்து), நம்ம பக்கம் காதில் "கோழிய வெரட்டு" என்றுதான் விழும்.

சட்டப் பெயர்களில் பயங்கரவாதம் ஏறிவிட்டது, மொழிபெயர்க்கும்போது நானும் அதையே போடுவேன். ஆய்வுக் கட்டுரைக்கும் நம் பட்டியலுக்கும் வெருவன்முறை. ஆளுக்கு என்ன சொல்வது என்பதுதான் இடிக்கிறது. வெருவன்முறையாளர் என்றால் ஒரு பத்தித் தலைப்பில் அடங்காது, வெருவர் என்றால் பயந்தவர் மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வேறு சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.