சவுத் டவுன்ஸ் வே மண்பாதைப் பயணம்: ஜிபிஎஸ் கருவியா, காகித வரைபடமா?

குன்றோரன் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை செல்லும் சவுத் டவுன்ஸ் வே பாதையை, வரும் செப்டம்பரில் நண்பர் ஒருவருடன் மூன்று நாட்களில் சைக்கிளில் கடக்க எண்ணியுள்ளேன். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இதுவரை நாங்கள் லண்டனைச் சுற்றியுள்ள தார்ச்சாலைகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறோம்; அங்கே கைப்பேசி சொன்ன வழியில் போனாலே போதுமாக இருந்தது. மண்பாதைக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, அல்லது காகித வரைபடத்தை வைத்தே சமாளித்துவிடலாமா? குன்றுகளுக்கு இடையே பல இடங்களில் சிக்னல் இருக்காது என்கிறார்கள். அப்படியானால் கைப்பேசியை நம்ப முடியாதா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சுண்ணாம்புத்தடம்:

சிக்னல் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். கைப்பேசி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களிலிருந்து அறிந்துகொள்கிறது. அதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. கோபுரம் தேவைப்படுவது வரைபடத்தை இணையத்திலிருந்து இழுப்பதற்குத்தான். எனவே முந்தைய நாளே வீட்டில் வைஃபையில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, ஃப்ளைட் மோடில் ஒருமுறை திறந்து சோதித்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

உண்மையான சிக்கல் வேறு. இங்கிலாந்தில் நடைபாதை எனக் குறிக்கப்பட்ட கிராமப்புறப் பாதையில் சைக்கிள் ஓட்ட நமக்கு உரிமை இல்லை. பிரைடில்வே எனப்படும் குதிரைப்பாதையில், 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தின்படி, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட்டு ஓட்டலாம். தரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் நடைபாதை குறுகிய பச்சைக் கோடுகளாகவும், குதிரைப்பாதை நீண்ட பச்சைக் கோடுகளாகவும் அச்சாகியிருக்கும். பாதையோரக் கம்பங்களில் நடைபாதைக்கு மஞ்சள் அம்பு, குதிரைப்பாதைக்கு நீல அம்பு.

இது எங்கே சிக்கலாகும் என்றால், ஆல்ஃபிரிஸ்டனில். அந்த ஊரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நடப்பவர்கள் செவன் சிஸ்டர்ஸ் பாறைகளின் மேல் கடலோரமாகப் போகிறார்கள். சைக்கிளும் குதிரையும் விண்டோவர் குன்றின் மேலேறி ஜெவிங்டன் வழியாகப் போக வேண்டும். யாரோ நடந்து பதிவுசெய்த ஜிபிஎக்ஸ் எனும் வழித்தடக் கோப்பை இறக்கிக் கருவியில் போட்டால், அது எந்தத் தயக்கமும் இல்லாமல் உங்களைக் கடலோரத்துக்கு அனுப்பும். ஆகவே எந்தக் கருவி வாங்கினாலும் வழியை நீங்களே வரைபடத்தைப் பார்த்து வரைந்து ஏற்றுங்கள்.

காற்றுமேடு:

நான் காகிதத்தின் பக்கம். எக்ஸ்புளோரர் 1:25,000 அளவில் இருப்பதால் இப்பாதைக்குப் பல தாள்கள் தேவைப்படும். ஹார்வி நிறுவனம் முழுப் பாதையையும் 1:40,000 அளவில், மழையில் நனையாத ஒரே தாளில் தருகிறது. சைக்கிளுக்கு அந்த அளவே வசதி. கருவியின் திரை அடுத்த திருப்பத்தைக் காட்டும்; ஆனால் நண்பரின் டயர் கூரிய சிக்கிமுக்கிக் கல்லில் கிழிந்து பயணத்தை நிறுத்த வேண்டி வரும்போது, ஆம்பர்லி ரயில் நிலையம் அருகிலா சவுத்தீஸ் அருகிலா, நடுவே எத்தனை ஏற்றம் என்பதையெல்லாம் விரித்த தாளில்தான் ஒரே பார்வையில் எடைபோட முடியும். ஒருவரிடமாவது தாள் இருக்கட்டும்.

இரட்டைப்பல்சக்கரம்:

காற்றுமேடு ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எக்ஸ்புளோரர் தாளில் மூன்று நிமிடத்துக்கு நான்கு சென்டிமீட்டர் நகர்கிறீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி, டிச்லிங் பீக்கன் உச்சியில் அடிக்கிற காற்றில் தாளை மடித்துப் பிடிப்பது எவ்வளவு நேரம் நடக்கும்? ஓட்டும்போது வழி காட்டக் கருவியே சிறந்தது. தடம் தவறினால் ஒலி எழுப்பும் என்பது ஒன்றே அதன் விலைக்கு ஈடு. தொடுதிரையைவிடப் பொத்தான் உள்ளதை வாங்குங்கள். மழைத்துளிகளை விரல் என்று எண்ணித் தொடுதிரை தானாகவே நகரும். கடைகளில் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் இயங்குவது மூன்று நாள் பயணத்துக்கு இன்னும் நல்லது.

குன்றோரன்:

அனைவருக்கும் நன்றி. ஆல்ஃபிரிஸ்டன் பிரிவு எனக்குத் தெரியாத செய்தி. ஒரே ஓர் ஐயம்: தனிக் கருவி வாங்காமல், கைப்பேசியையே ஹேண்டில்பாரில் பொருத்திக்கொண்டு, ஹார்வி தாளை மட்டும் வாங்கினால் போதுமா?

சுண்ணாம்புத்தடம்:

செலவைப் பார்த்தால் அது சரியான முடிவுதான். ஆனால் ஹேண்டில்பாரில் வேண்டாம். இடைவிடாத அதிர்வு சில கைப்பேசிகளின் கேமராவைக் கெடுத்துவிடும். திரை எந்நேரமும் எரிந்தால் மதியத்துக்குள் சார்ஜும் தீரும். பெரும்பாலான பிரிவுகளில் ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) சின்னம் உள்ள கம்பம் நிற்கிறது, அதைப் பார்த்தே ஓட்டலாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்து, கம்பம் இல்லாத இடத்தில் மட்டும் எடுங்கள். இன்னொன்று: ஆர்ட்னன்ஸ் சர்வே தாள் வாங்கினால் அதே தாளைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் குறியெண்ணும் அட்டைக்குள் இருக்கும். ஹார்வி தாளோடு, ஆல்ஃபிரிஸ்டனும் ஈஸ்ட்போர்னும் வரும் எக்ஸ்புளோரர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கடைசி நாளுக்கு அது போதும்.